ரிப்பேர் செய்கிறவனை யார் சரிபார்ப்பது?

(கணிப்பொறிப் பிரிவு இரண்டாம் ஆண்டு மாணவன், ஆதிச்சநல்லூர்)



"வேலியே பயிரை மேய்ந்தாற்போல" என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். காவலுக்குப் போட்ட வேலியே பயிரைத் தின்றால் யாரிடம் போய் முறையிடுவது? கணிப்பொறியிலும் இப்படி ஒரு வேலி உண்டு. ஹார்ட் டிஸ்கில் ஃபைல்கள் குழம்பிப் போனால் ஒழுங்குபடுத்தித் தரும் புரோகிராம் அது. லினக்ஸில் அதன் முழுப்பெயர் ஈ2எஃப்எஸ்சிகே. லேபில் நாம் சுருக்கமாக 'எஃப்எஸ்செக்' என்போம். அந்த எஃப்எஸ்செக்கிலேயே ஒரு பிழை இருந்தால் என்ன ஆகும்? அதற்கு ஒருவர் திருத்தம் எழுதி, "இதைப் பாருங்க, சரியா இருக்கா?" என்று நம்மிடம் கேட்டால், எதை எதைப் பார்த்து நாம் 'சரி' சொல்வது? எனக்குப் புரிந்த அளவில் இதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

எங்கள் வீட்டில் நடந்தது

இதைத் தேடிப் படித்ததற்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் வீட்டில் இருப்பது மாமா மகள் கொடுத்த பழைய மடிக்கணினி. அரசு 2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் அக்காவுக்குக் கிடைத்தது. அதில் பாஸ் லினக்ஸ் இருக்கிறது. பேட்டரி செத்துவிட்டது, கரண்ட் போனால் அதுவும் போய்விடும்.

அப்பா உப்பளத்தில் வேலை பார்க்கிறார். எத்தனை நாள் வேலை, எவ்வளவு முன்பணம் வாங்கியது, எவ்வளவு கழித்தது என்று ஒரு நோட்டில் குறித்து வைப்பார். போன ஐப்பசி மழையில் அந்த நோட்டு நனைந்து மை கலங்க ஆரம்பித்தது. "நீதான் கம்ப்யூட்டர் படிக்கிய, இதுல ஏத்திப் போடுலே" என்றார். இரண்டு ராத்திரி உட்கார்ந்து டைப் செய்தேன். மூன்றாம் நாள் கரண்ட் போய்த் திரும்பி வந்தபோது சிஸ்டம் ஏறவில்லை. எஃப்எஸ்செக்கை ஓட்டச் சொல்லித் திரையில் வந்தது. நானும் ஓட்டினேன். ஒவ்வொரு பழுதுக்கும் 'சரி செய்யலாமா?' என்று அது கேட்டது. பத்துக் கேள்வி வரைக்கும் படித்தேன். அப்புறம் பொறுமை இல்லை. எல்லாவற்றுக்கும் 'ஆம்' என்று அர்த்தப்படும் 'ஒய்' ஆப்ஷனைப் போட்டுவிட்டேன்.

சிஸ்டம் ஏறியது. ஆனால் கணக்கு இருந்த ஃபோல்டர் காலி. "கணக்கு எங்கலே?" என்று அப்பா கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. மழைக்காலம் முடிந்து வேலை தொடங்கும்போது முன்பணத்தில் எவ்வளவு பாக்கி என்ற பேச்சு வரும். நம் கையில் கணக்கு இல்லையென்றால் அவர்கள் சொல்வதுதான் கணக்கு.

கடைசியில் 'லாஸ்ட் ஃபவுண்ட்' என்ற ஃபோல்டரில் அது கிடைத்தது. பெயர் போய்விட்டது, வெறும் எண்தான் இருந்தது. இப்படிப் பெயரில்லாத ஃபைல்கள் முப்பதுக்கு மேல் கிடந்தன. உள்ளே 'முன்பணம்' என்ற சொல் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் தேடித்தான் பிடித்தேன். அன்றைக்குத்தான் எனக்கு இந்தக் கேள்வி வந்தது: இந்தப் புரோகிராம் எதை வைத்து முடிவு செய்கிறது? அதை எழுதியவர் தப்புச் செய்தால் யார் பிடிப்பார்கள்?

டிஸ்குக்குள் என்ன இருக்கிறது?

முதலில் அடிப்படை. லினக்ஸில் பரவலாக இருக்கும் ஃபைல் சிஸ்டம் 'எக்ஸ்ட்' குடும்பத்தைச் சேர்ந்தது. எக்ஸ்ட்2 வந்தது 1993-ல். எக்ஸ்ட்4 நிலையான வடிவம் பெற்றது 2008-ல். இதில் ஒவ்வொரு ஃபைலுக்கும் 'ஐநோடு' என்ற ஒரு பதிவு உண்டு. ஃபைலின் அளவு, சொந்தக்காரர், தகவல் எந்தெந்த பிளாக்கில் இருக்கிறது என்பதெல்லாம் அதில் இருக்கும். ஆனால் ஃபைலின் பெயர் மட்டும் அங்கே இருக்காது! பெயர் இருப்பது டைரக்டரியில். டைரக்டரி என்பது ரேஷன் கடைப் பதிவேடு மாதிரி: 'இந்தப் பெயருக்கு இந்த எண்' என்று வரிசையாக எழுதிய பட்டியல். பட்டியல் கெட்டால் சரக்கு இருக்கும். யாருடையது என்று தெரியாது. என் கணக்கு ஃபைலுக்கு நடந்தது அதுதான்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இது புரியாத விஷயம் இல்லை. ஆதிச்சநல்லூர்ப் பரம்பில் தாழி எந்தக் குழியில், எந்த அடுக்கில், எந்தப் பொருளோடு கிடந்தது என்ற குறிப்பு இருந்தால்தான் அதற்கு வரலாறு. 1876-ல் ஜெர்மனியிலிருந்து வந்த ஜாகோர் இங்கே தோண்டி எடுத்த பொருள்கள் பெர்லினுக்குப் போயின. பொருள் பத்திரமாக இருந்தாலும் இடம் பிரிந்துவிட்டால் பாதிக் கதை போச்சு. அதனால்தான் இப்போது குழியின் மேலேயே கண்ணாடி போட்டு, கிடந்த இடத்திலேயே காட்டுகிறார்கள். பழுது பார்ப்பவருக்கும் இதே ஒழுக்கம் வேண்டும்: தெரியாததை ஊகித்து ஒட்டக் கூடாது.

ஒரு டைரக்டரி பதிவை அளந்து பார்ப்போம்

பின்னால் வரும் திருத்தம் புரிய வேண்டுமானால் இந்தக் கணக்கு அவசியம். டைரக்டரியில் ஒவ்வொரு பதிவுக்கும் முதலில் 8 பைட் தலைப்பு உண்டு: ஐநோடு எண்ணுக்கு 4 பைட், இந்தப் பதிவின் மொத்த நீளத்துக்கு 2 பைட், பெயரின் நீளத்துக்கு 1 பைட், ஃபைல் வகைக்கு 1 பைட். அதன் பிறகு பெயர்.

'உப்பு' என்று ஒரு ஃபைலுக்குப் பெயர் வைக்கிறோம். யூனிகோடில் இது உ, ப, புள்ளி, ப, உகரக் குறி என்று 5 குறியீடுகள். தமிழில் ஒவ்வொன்றுக்கும் 3 பைட். ஆக 15 பைட். தலைப்பு 8 சேர்த்தால் 23. பதிவின் நீளம் 4-ன் மடங்காக இருக்க வேண்டும் என்பது விதி, ஆகவே 24. பெயருக்கு அதிகபட்சம் 255 பைட்தான். தமிழில் பெயர் வைத்தால் 85 குறியீடுகளோடு இடம் முடிந்துவிடும்.

அடுத்த பதிவு எங்கே தொடங்குகிறது என்பதை இந்தப் பதிவின் நீளம்தான் சொல்கிறது. அது தப்பாக இருந்தால்? எண்ணைக் கேட்டுக் கேட்டுத் தெருவில் நடக்கிறவன் ஒரு வீட்டில் தப்பான வழி சொன்னால் ஊரை விட்டே வெளியே போய்விடுவான் அல்லவா? அப்படித்தான் ஆகும்.

எஃப்எஸ்செக்கின் சுற்றுகள்

எஃப்எஸ்செக் இந்த வேலையை ஐந்து சுற்றாகச் செய்கிறது. முதல் சுற்றில் ஐநோடுகளையும் பிளாக்குகளையும் பார்க்கும். இரண்டாவதில் டைரக்டரிகளின் அமைப்பை மேலே சொன்ன மாதிரி அளந்து பார்க்கும். மூன்றாவதில் ஒவ்வொரு டைரக்டரியும் ரூட்டோடு தொடர்பில் இருக்கிறதா என்று பார்க்கும். நான்காவதில் ஒவ்வொரு ஐநோடுக்கும் எத்தனை பெயர் இருக்கிறது என்று எண்ணும். பெயரே இல்லாத ஃபைல்களை லாஸ்ட் ஃபவுண்டில் சேர்ப்பதும் இங்கேதான். ஐந்தாவதில் மொத்தக் கணக்கைச் சரிபார்க்கும்.

மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் தேவைப்பட்டால் '3ஏ' என்று ஒரு சுற்று வரும். பெரிய டைரக்டரியில் பெயரைச் சீக்கிரம் தேட ஒரு அட்டவணை உண்டு. அதைப் புதிதாகக் கட்டுவதுதான் 3ஏ-யின் வேலை. கட்டும்போது ஒரே பெயரில் இரண்டு பதிவு தென்பட்டால், ஒன்றின் பெயருக்குப் பின்னால் ஒரு வளைகோடும் எண்ணும் சேர்த்து மாற்றும்.

வேலி மேய்ந்த கதை

இப்போது உண்மை நிகழ்ச்சிக்கு வருவோம். 2019-ல் சிஸ்கோ நிறுவனத்தின் டாலோஸ் பாதுகாப்புக் குழு, எஃப்எஸ்செக்கின் 1.45.4 பதிப்பில் ஒரு ஓட்டையைக் கண்டுபிடித்தது. அதற்குச் சிவிஇ-2019-5188 என்று எண். ஓட்டை இருந்தது இந்த 3ஏ சுற்றில். வேண்டுமென்றே கெடுத்து வைத்த ஒரு டைரக்டரியை எஃப்எஸ்செக்கிடம் கொடுத்தால், அது ஸ்டாக் மெமரியில் தன் எல்லையைத் தாண்டி எழுதிவிடும். அதைப் பயன்படுத்தி வேறொருவன் தன் புரோகிராமையே அங்கே ஓடவைக்க முடியும். எஃப்எஸ்செக் பெரும்பாலும் ரூட் அதிகாரத்தோடு ஓடுவது என்பதை நினைத்துப் பாருங்கள்! பழுது பார்க்கக் கூப்பிட்டவரிடம் வீட்டுச் சாவியையும் கொடுத்த மாதிரி.

காரணம் என்ன? பெயரை மாற்றும் அந்தப் பகுதி, பெயரில் ஒரு எழுத்தாவது இருக்கும் என்று நம்பிவிட்டது. பெயரின் நீளம் 0 என்றால் அதன் கடைசி எழுத்து எங்கே? 0-வில் 1 போனால் -1. அதாவது பெயருக்கு முன்னால் கிடக்கும் வேறு எதோ ஒரு இடம்! நாம் முதல் வருடம் 'சி' லேபில் அர்ரேயில் செய்யும் அதே தப்புதான்.

"இரண்டாவது சுற்றிலேயே டைரக்டரியைச் சரிபார்த்தாச்சே, அப்புறம் 3ஏ-க்கு எப்படி நீளம் 0 உள்ள பெயர் வரும்?" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. விடை இதுதான்: இரண்டாவது சுற்றில் 'சரி செய்யலாமா?' என்று கேட்டபோது, உட்கார்ந்திருப்பவர் 'வேண்டாம்' என்று சொல்லியிருக்கலாம்! எல்லாருமே என்னைப் போல 'ஆம், ஆம்' என்று தட்டிக்கொண்டு போவார்கள் என்று 3ஏ நினைத்துவிட்டது.

திருத்தம் என்ன செய்தது?

எஃப்எஸ்செக்கைப் பல ஆண்டுகளாகப் பராமரித்துவரும் தியோடர் ட்சோ திருத்தம் எழுதினார். 2020 ஜனவரியில் 1.45.5 பதிப்பில் அது வெளிவந்தது. திருத்தம் மிகச் சிறியது. 3ஏ ஒவ்வொரு பதிவையும் எடுக்கும்போது அது கெட்டிருக்கிறதா என்று தானும் ஒரு தடவை பார்க்கும். கெட்டிருந்தால் அந்த டைரக்டரிக்கு அட்டவணை கட்டுவதை அப்படியே நிறுத்திவிடும். எதையும் ஊகித்து நிரப்பாது.

இந்தத் திருத்தத்தை நான் முதலில் படித்தபோது, இரண்டு நிமிடத்தில் "சரியாத்தான் இருக்கு" என்று முடிவு கட்டிவிட்டேன். பிறகுதான் அதோடு சேர்ந்த இன்னொரு திருத்தம் கண்ணில் பட்டது. முந்தைய சுற்றுகளில் ஒரு டைரக்டரியே நீக்கப்பட்டிருக்கலாம். அதற்கும் 3ஏ அட்டவணை கட்டப் போகக் கூடாது என்பது அது. முதல் திருத்தத்தை மட்டும் என்னிடம் காட்டியிருந்தால் இந்த இரண்டாவது வழி எனக்குத் தோன்றியே இருக்காது. நான் 'சரி' சொன்னது படித்ததற்கு, யோசித்ததற்கு இல்லை. மறுபார்வை என்றால் என்ன என்று எனக்குப் புரிந்தது இந்த இடத்தில்தான்.

கேட்க வேண்டிய ஆறு கேள்விகள்

ஆகவே பழுது பார்க்கும் புரோகிராமுக்கு ஒரு திருத்தம் வந்தால் கீழ்க்கண்டவற்றைக் கேட்க வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறேன்.

1. எதை நம்புகிறது? சாதாரணப் புரோகிராம் டிஸ்கில் இருப்பதை நம்பலாம். எஃப்எஸ்செக் நம்பக் கூடாது. டிஸ்க் கெட்டிருப்பதால்தானே அதைக் கூப்பிட்டோம்! டிஸ்கிலிருந்து வரும் ஒவ்வொரு எண்ணும் பொய்யாக இருக்கலாம்.

2. சோதனை முந்தியா, பயன்பாடு முந்தியா? உதாரணமாக 1024 பைட் பிளாக்கில் 1020-ஆம் இடத்தில் நிற்கிறோம். மிச்சம் 4 பைட்தான். 8 பைட் தலைப்புக்கு இடம் இல்லை. பதிவின் நீளத்தைப் படித்த பிறகு 'இடம் இருக்கா' என்று பார்த்தால், படிக்கும்போதே எல்லை தாண்டியாச்சு. சோதனை இருந்தும் பயன் இல்லை.

3. 'வேண்டாம்' என்று சொன்னால் என்ன நடக்கும்? 'ஆம்' என்ற வழியை எல்லாரும் ஓட்டிப் பார்ப்பார்கள். 'வேண்டாம்' என்ற வழியில்தான் 2019-ன் பிழை ஒளிந்திருந்தது. எதையும் எழுதாதே என்று சொல்லும் 'என்' ஆப்ஷனில் ஒரு பைட்கூட மாறக் கூடாது.

4. இதே பள்ளம் வேறு எங்கே? ஒரு இடத்தில் கிடைத்தால் பக்கத்து ஃபங்ஷனிலும் தேட வேண்டும். நான் தவறவிட்டது இதைத்தான்.

5. சந்தேகம் வந்தால் நிற்கிறதா, ஊகிக்கிறதா? நின்றால் நஷ்டம் கொஞ்சம். தப்பாக ஊகித்து எழுதிவிட்டால் பிறகு எந்தப் புரோகிராமாலும் மீட்க முடியாது.

6. இரண்டாம் தடவை ஓட்டினால் சுத்தமா? எஃப்எஸ்செக்கின் மூலப் புரோகிராமோடு சிறுசிறு கெட்ட டிஸ்க் படிமங்கள் ஏராளமாகக் கூடவே வருகின்றன. வழக்கமாக ஒவ்வொன்றின் மேலும் இரண்டு தடவை ஓட்டி, இரண்டு விடைகளையும் எதிர்பார்த்த விடையோடு ஒப்பிடுவார்கள். முதல் தடவை சரிசெய்துவிட்டு இரண்டாம் தடவையும் புதிதாகக் குறை சொன்னால், முதல் தடவை சரி செய்ததே பொய். திருத்தத்தோடு இப்படி ஒரு படிமமும் வந்திருக்கிறதா என்று கேட்பது நம் உரிமை.

ஏழாவதாக ஒன்றும் சேர்க்கலாம்: ஃபைல் சிஸ்டம் மாறும்போது ரிப்பேர்க்காரனும் கூடவே கற்றுக்கொண்டானா? எக்ஸ்எஃப்எஸ் என்ற இன்னொரு ஃபைல் சிஸ்டத்தில், ஒரு ஃபைல் எத்தனை துண்டாகப் பிரிந்திருக்கலாம் என்பதற்கு ஏறக்குறைய 214 கோடி என்று ஒரு வரம்பு இருந்தது. இந்தியரான சந்தன் பாபு அந்த வரம்பை 48 பிட் அளவுக்குப் பெரிதாக்கினார். 2022-ல் லினக்ஸ் 5.19-ல் அது சேர்ந்தது. கெர்னலை மட்டும் மாற்றினால் போதுமா? போதாது. அதன் பழுது பார்க்கும் புரோகிராமும் புதிய எண்ணைப் படிக்கத் தெரிந்துகொள்ள வேண்டும். இல்லாவிட்டால் நல்ல ஃபைலையே கெட்டது என்று சொல்லும். பலர் பார்த்து, கேள்வி கேட்டு, திரும்பத் திரும்ப மாற்றி எழுதிய பிறகுதான் இப்படிப்பட்ட மாற்றங்கள் உள்ளே போகின்றன. 2023-ல் எக்ஸ்எஃப்எஸ்ஸின் பராமரிப்பாளர் பொறுப்பே அவரிடம் வந்தது.

நாமே செய்து பார்க்கலாம்

இதற்கு ரூட் அதிகாரமோ தனி டிஸ்கோ தேவையில்லை. லேபில் எந்த லினக்ஸ் கணிப்பொறியிலும் செய்யலாம்.

முதலில் 16 மெகாபைட்டில் ஒரு வெறும் ஃபைலை உண்டாக்குங்கள். அதுதான் நம் பொய் டிஸ்க். எம்கேஈ2எஃப்எஸ் கட்டளையால் அதன் மேல் எக்ஸ்ட்4 அமையுங்கள். அப்போதே 'டி' ஆப்ஷனில் ஒரு ஃபோல்டரைக் காட்டினால் அதிலுள்ள ஃபைல்கள் உள்ளே போய்விடும். ஒரே ஒரு ஃபைல் வைத்தால் போதும். 11-ஆம் ஐநோடு லாஸ்ட் ஃபவுண்டுக்குப் போவதால் உங்கள் ஃபைலுக்கு அதற்குப் பின்னால் வரும் ஒரு எண் கிடைக்கும்.

அடுத்து டீபக்எஃப்எஸ் கட்டளையை எழுதும் உரிமையோடு திறந்து, அன்லிங்க் என்ற உத்தரவால் அந்தப் பெயரை மட்டும் நீக்குங்கள். ஐநோடு அப்படியே இருக்கும், பெயர் போய்விடும். எங்கள் வீட்டில் நடந்தது உங்கள் கண்ணெதிரே!

இப்போது எஃப்எஸ்செக்கை மூன்று தடவை ஓட்டுங்கள். மூன்று தடவையும் 'எஃப்' ஆப்ஷன் வேண்டும். இல்லாவிட்டால் டிஸ்க் சுத்தமாகத் தெரிகிறது என்று பார்க்காமலே போய்விடும். முதலில் 'என்' ஆப்ஷனோடு: பழுதைச் சொல்லும், தொடாது, திரும்பி வரும் எண் 4. அடுத்து 'ஒய்' ஆப்ஷனோடு: உங்கள் ஃபைலின் ஐநோடு லாஸ்ட் ஃபவுண்டுக்குப் போகும், திரும்பி வரும் எண் 1. மறுபடியும் 'என்' ஆப்ஷனோடு: இப்போது 0 வர வேண்டும். 4, 1, 0 என்று வந்தால் ரிப்பேர் சரி.

சொந்த டிஸ்கில் பழுது வந்தால் மட்டும் இந்த விளையாட்டு வேண்டாம். முதலில் முழு டிஸ்கையும் இன்னொரு டிஸ்கில் நகல் எடுங்கள். அதற்கு இடம் இல்லையென்றால் 'இசட்' ஆப்ஷனில் ஒரு ஃபைல் பெயரைக் கொடுங்கள். வேறொரு டிஸ்கிலோ பென் டிரைவிலோ அது இருக்கட்டும். எஃப்எஸ்செக் மாற்றும் இடங்களின் பழைய நிலை அதில் சேரும். ஈ2அண்டூ கட்டளையால் திரும்பிப் போகலாம். இதெல்லாம் எனக்கு அன்றைக்குத் தெரிந்திருந்தால் முப்பது ஃபைலுக்கும் பெயர் மீண்டிருக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நிதானமாக இன்னொரு தடவை முயன்று பார்க்க ஒரு வழி இருந்திருக்கும்.

முடிவாக

நாமெல்லாம் டிப்ளமோக்காரர்கள். கெர்னல் எழுதுவது பெரிய படிப்புப் படித்தவர்கள் வேலை என்று நினைக்கிறோம். ஆனால் எஃப்எஸ்செக்கின் மூலப் புரோகிராம் யார் வேண்டுமானாலும் படிக்கத் திறந்து கிடக்கிறது. திருத்தம் எழுத அனுபவம் வேண்டும், "நீளம் 0 வந்தா என்ன செய்வீங்க?" என்று கேட்க முதல் வருடப் பாடம் போதும். அந்த ஒரு கேள்வியை உரிய நேரத்தில் ஒருவர் கேட்டிருந்தால் அந்த ஓட்டை வெளியே வந்தே இருக்காது.

அப்பாவின் கணக்கை இப்போது மூன்று இடத்தில் வைத்திருக்கிறேன். அதில் ஒன்று காகிதம். பிரிண்ட் எடுத்துக் கொடுத்தபோது அப்பா உடனே மடித்துப் பையில் வைத்துக்கொள்ளவில்லை. ஒவ்வொரு வரியாக விரல் வைத்து, தனக்கு ஞாபகம் இருந்த நாள்களோடு ஒத்துப் பார்த்தார். நான் டைப் செய்ததில் இரண்டு நாள் விட்டுப் போயிருந்தது. அதைப் பிடித்தவர் அவர்தான்.